திரும்பி வரும் நடைக்குப் பெட்ரோல்

இன்று காலை என் மாட்டுக் கொட்டகையில் ஒருவர் உன் மோட்டார் சைக்கிளின் டாங்கி மூடியைத் திருகித் திறந்தார். பெட்ரோல் வாசம் குப்பென்று வந்தது. கடைசியாக உன்னைப் பிடித்துத் தூக்கியபோது உன் தோள் துண்டில் அடித்த வாசம் அது. வருஷங்கள் ஓடிவிட்டன. உன் மகள் இந்தக் கொட்டகையில் ஓடி விளையாடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். அந்த வாசம் மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது.

வந்தவர் சேலத்தில் பழைய வண்டிகளை வாங்கி விற்கிறவர். நான்தான் சொல்லி அனுப்பி வரவழைத்தேன். ஆமாம், உன் வண்டியை விற்கத்தான். திட்டுவதானால் திட்டிக்கொள். இங்கே மழை பொய்த்துக் கிணற்றில் அடிப்பாறை தெரிகிறது. வைக்கோலுக்கு வழியில்லாமல் உழவு மாடுகளை ஏற்கெனவே பிடித்துக் கொடுத்துவிட்டேன். வீட்டில் எல்லோர் கண்ணும் இந்த வண்டி மேல்தான். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். டாங்கியின் இடது பக்கப் பள்ளத்தில் கையை வைத்துத் தடவினார். "ஏனுங்க, இது என்னங்க இப்படி நசுங்கிக் கெடக்குது? இதுக்குக் கொஞ்சம் கழிச்சுக்கணுங்க" என்றார். "கல்லுல பட்டதுங்க" என்றேன். அதற்கு மேல் அவரிடம் சொல்ல என்ன இருக்கிறது? சொல்ல வேண்டியது எல்லாம் உன்னிடம்தான். அதனால்தான் அவர் போனபிறகு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உனக்கு இந்த வண்டிப் பைத்தியம் எந்த இடத்தில் பிடித்தது என்று எனக்குத் தெரியும். மலை மேல் திருப்புலி நாட்டில் சாமையும் மிளகும் போட்டுக்கொண்டு உன் பாட்டுக்கு இருந்தவன் நீ. சுமை இறக்கும்போது அடிவாரத்தில் என் வீட்டில் மூட்டையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போவாய், அப்படிப் பழகினோம். உங்கள் மலைக்கு அன்றும் ரோடு இல்லை, இன்றும் இல்லை. ஏறினாலும் இறங்கினாலும் கல்லுப் பாதைதான். நடக்க முடியாத நோயாளியை மூங்கிலில் கம்பளியைத் தூளியாகக் கட்டி இறக்குவீர்கள். அடிவாரத்துக்கு வந்துவிட்டால் அதற்கப்புறம் நாமக்கல் ஆஸ்பத்திரி வரைக்கும் என் கட்டை வண்டி.

நல்லம்மாவை முதல் பிரசவத்துக்கு அப்படித்தான் கொண்டுவந்தாய். மாடுகளை நான்தான் ஓட்டினேன். வாலை முறுக்கினேன், அடித்தேன், கெஞ்சினேன். மாடு மாட்டின் நடைதானே நடக்கும்? புளியமரத்து வளைவில் குழந்தை பிறந்தது. அழவில்லை. உன் பெண்டாட்டி, குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறதா என்று காத்திருந்தாள். நீ அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, வண்டியை விட்டு இறங்கி, மலையைப் பார்த்துத் திரும்பி நடந்தாய். அந்த முதுகை நான் மறக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் சோளக்காட்டுச் சந்தையில் என்னைத் தேடிப் பிடித்தாய். மிளகை நிறுத்துப் போட்டுக்கொண்டே, ஏதோ மண்வெட்டி வாங்குகிற மாதிரிச் சொன்னாய். "ஏப்பா பழனி, எனக்கு ஒரு மோட்டார் வேணும். நீ லாரி ஓட்டுனவன்தானே, பாத்து வாங்கிக் குடு."

"ரோடே இல்லாத மலைக்கு மோட்டாரா?"

"மலைக்கு எதுக்கு? மலையில என்ற ஆளுங்க தூக்கியாந்துருவாங்க. உன்ற ஊட்டுல இருந்து ஆஸ்பத்திரிக்குத்தான். நல்லம்மா மறுபடி முழுகாம இருக்கா."

அதற்கு மேல் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. சேலத்தில் ஒரு துரை சொந்த ஊருக்குக் கப்பலேறப் போகிறார், வண்டியைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று பழைய லாரி சிநேகிதன் சொன்னான். போய்ப் பார்த்தோம். அமெரிக்க வண்டி. நீளமும் கனமுமாக, நெடுந்தூரம் போவதற்கென்றே செய்தது. கைப்பிடியை அகலப் பிடித்து, காலை முன்னால் நீட்டி, சாய்ந்து உட்கார்ந்து ஓட்ட வேண்டும். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார ஒற்றைச் சக்கரத்தோடு பெட்டி ஒன்று ஒட்டியிருந்தது. உனக்கு வண்டி கண்ணிலேயே படவில்லை. நேரே அந்தப் பெட்டிக்குப் போய், கையால் நீளம் அளந்து, "கால நீட்டிப் படுக்கலாம்" என்றாய்.

அப்புறம்தான் வண்டியைப் பார்த்தாய். பார்த்தாய் என்றா சொன்னேன், மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோலப் பின்னால் போய் நின்று, முன்னால் வந்து நின்று, டாங்கியைத் தட்டி, உட்காரும் இடத்தை அமுக்கி, ஒரு முழு மாட்டுச் சந்தையையே துரை வீட்டு வாசலில் நடத்திவிட்டாய். "ஓடற சத்தம் கேக்காம நான் வாங்க மாட்டேன்" என்றாய். துரை ஓர் உதை உதைத்தார். கனத்த குரலில் அது பேசத் தொடங்கியதும் டாங்கியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாய். "நெஞ்சு நல்லா அடிக்குதப்பா" என்றாய்.

விலை பேசின கூத்தை மட்டும் நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. கையின் மேல் துண்டைப் போட்டுத் துரையிடம் நீட்டினாய். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை சொல்ல வேண்டும், அதுதானே நமக்குத் தெரிந்த வியாபாரம். துரை இது ஏதோ இந்த ஊர் மரியாதை என்று நினைத்து, உன் கையை முழுதாகப் பற்றிக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். நீ முகம் வெளுத்துத் திரும்பி, "ஏப்பா, அஞ்சு வெரலையும் சேத்துப் புடிக்கிறான். இவன் நம்ம சொத்தையே கேக்கறான்" என்று காதைக் கடித்தாய். அவருடைய டிரைவர் வந்து இரண்டு பக்கமும் விளக்கி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மிளகு விற்றது, நல்லம்மாவின் நகை விற்றது எல்லாம் அன்று அந்தத் துண்டுக்கடியில் போயிற்று.

வரும் வழியில் பெட்டியில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்தப் புளியமரத்து வளைவு வந்தபோது மெதுவாக ஓட்டினேன். நீ என் தொடையில் தட்டி, "நிக்காத, போ" என்றாய். வளைவு ஒரு நொடியில் பின்னால் போய்விட்டது. அன்று உன் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

வண்டி என் கொட்டகையில் நின்றது. சண்டைக்காலம். சர்க்கார் ரேஷன் சீட்டு இல்லாமல் பெட்ரோல் கிடையாது. டாங்கியில் நாமக்கல் வரைக்கும் ஒரு நடைக்கு இருந்தது. போனால் திரும்பி வர வேண்டாமா? இன்னொரு நடைக்கு வாங்கி வருகிறேன் என்று ஒரு டின்னை எடுத்துக்கொண்டு நாமக்கல் போனேன். யார் யார் காலையோ பிடித்து வாங்கிக்கொண்டு சாயங்காலம் வந்தால், கொட்டகையில் பெட்டி மட்டும் தனியே கிடக்கிறது. வண்டியைக் காணோம். மலையாட்கள் வந்து கழற்றித் தூக்கிக்கொண்டு போனதாகப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சொன்னார். நீயும் கூட இருந்தாயாம்.

ஏன் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. உங்கள் ஊர் வழக்கம் தெரிந்ததுதானே. புதிதாக வாங்கின காளையைச் சாமி முன்னால் நிறுத்தி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பூக்கேட்டு உத்தரவு வாங்காமல் ஏரில் பூட்டமாட்டீர்கள். "மாட்டுக்கே அப்படின்னா, புள்ளத்தாச்சிய ஏத்தப்போற வண்டிக்கு?" என்று ஊரில் கேட்டிருக்கிறார்கள். ஒரு குழந்தையைப் பறிகொடுத்தவன் நீ. உன்னால் அதற்குமேல் மறுக்க முடியவில்லை. நல்லம்மாவுக்கு இன்னும் நாளும் இருந்தது. போய் மறுநாளே இறக்கிவிடலாம் என்று நினைத்தாய். நான் உன் இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அதற்காக உன்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

ஆனால் தூக்கின விதம் இருக்கிறதே. கால் இருக்கிற எதையும் கால் மேலே இருக்கக் கட்டித் தூக்குவதுதான் உங்களுக்குப் பழக்கம். வேட்டைப் பன்றியானாலும் சரி, கட்டிலானாலும் சரி. இந்த வண்டியையும் சக்கரம் வானத்தைப் பார்க்க, டாங்கி தரையைப் பார்க்க, மூங்கிலில் தலைகீழாகக் கட்டிவிட்டீர்கள். மூடியில் காற்றுக்காக வைத்த ஓட்டை வழியாக, ஏறுகிற வழியெல்லாம் பெட்ரோல் சொட்டியிருக்கிறது. டாங்கிக்கு நேர் கீழே தோள் கொடுத்தவன் நீ. உன் துண்டு நனைந்ததைப் பார்த்து, "வண்டிக்கு வேர்க்குது, மலையேறிப் பழக்கமில்ல" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்துக்கொண்டே ஏறினீர்களாம். இதை நல்லம்மா பின்னால் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவளும் கொஞ்சம் சிரித்தாள். எனக்குத்தான் எழுந்து வெளியே போக வேண்டியிருந்தது.

விடிந்ததும் பூக்கேட்டீர்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. பூசாரி எடுத்தது வெள்ளை. உத்தரவு கிடைத்துவிட்டது. அதே மூச்சில் நல்லம்மாவுக்கு வலி வந்துவிட்டது. தூளி கட்டினார்கள். பலமுள்ள ஆட்களெல்லாம் தூளிக்குப் போய்விட்டார்கள். அப்போதுதான் உனக்கு உறைத்திருக்கிறது. வாங்கின வண்டி மலை மேலே நிற்கிறது, அவள் கீழே போகிறாள், கீழே மறுபடியும் கட்டை வண்டிதான் காத்திருக்கிறது.

உதைத்துப் பார்த்தாய். டாங்கி காய்ந்து கிடந்தது. "எறங்கறதுக்கு எண்ணெய் எதுக்கு?" என்று கைப்பிடியைப் பிடித்துவிட்டாய். வயதான இருவர் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, தூளிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று செங்குத்தான குறுக்குப் பாதையில் அந்தக் கனத்தை இறக்கினாய். பாசி பிடித்த ஒரு திருப்பத்தில் கயிறு கைநழுவிவிட்டது. விட்டிருந்தால் வண்டி பள்ளத்தில் போயிருக்கும். நீ விடவில்லை. பாறைப் பக்கம் சாய்த்தாய். டாங்கி பாறையில் மோதிய இடம்தான் சேலத்துக்காரர் இன்று தடவிப் பார்த்தது. கைப்பிடி மோதிய இடம் உன் நெஞ்சு.

மத்தியானம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, டின்னைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நீ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாய். துண்டை மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாய். "தூளி எனக்குப் பொறத்தால வருது. பெட்டியை மாட்டு" என்றாய். நான் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தேன். நீ அந்தப் பக்கம் திரும்பித் துப்பி, காலால் மண்ணைத் தள்ளினாய். சிவப்பாக இருந்தது.

"என்னப்பா அது?"

"வெத்தலை."

உனக்கு வெற்றிலை போடும் பழக்கமே கிடையாது. எனக்கு அது தெரியும் என்பது உனக்கும் தெரியும். இருந்தும் அப்படிச் சொல்லிவிட்டு என் கண்ணைப் பார்த்தாய். தூளி வந்துவிட்டது. நல்லம்மாவைப் பெட்டியில் படுக்க வைத்தோம். அவள் கண் செருகிக் கிடந்தாள். உன்னை எனக்குப் பின்னால் மூட்டை கட்டுகிற கம்பி மேல் உட்காரச் சொன்னேன். காலைத் தூக்கினாய். முடியவில்லை. என் முதுகைப் பிடித்துக்கொண்டே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாய். பெட்டியில் ஓர் ஆளுக்குத்தான் இடம்.

"உன்னை இப்படி விட்டுட்டு எப்படிப்பா போவேன்?"

"அவளை ஏத்தியாச்சில்ல, கெளம்பு. நான் பொறத்தால கட்டை வண்டியில வாரேன்."

நல்லம்மா கண்ணைத் திறந்தாள். "நீங்க வரலீங்களா?" என்றாள். "வாரேன் கண்ணு, பொறத்தாலயே வாரேன். நீ போ" என்றாய். குரல் நடுங்கவில்லை. அது எப்படி முடிந்தது உன்னால்?

டின்னில் இருந்ததை ஊற்றிக் கிளப்பினேன். அந்த ஓட்டத்தைப் பற்றி எழுத என்னால் ஆகாது. ஆஸ்பத்திரியில் அவளைத் தூக்கி உள்ளே கொண்டுபோகும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, அவரு எங்கீங்க?" என்றாள். "வாராரும்மா, பொறத்தால வாராரு" என்று நீ சொன்னதையே சொல்லிவிட்டு ஓடிவந்து வண்டியைத் திருப்பினேன். கட்டை வண்டி எங்கே வந்துகொண்டிருந்தாலும் பாதி வழியில் உன்னைப் பிடித்துப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கணக்குத்தான் மனதில் ஓடியது. பொழுது இன்னும் சாயவில்லை.

நாமக்கல்லைத் தாண்டிப் பாதித் தூரம் வந்திருப்பேன். வண்டி இருமியது. இன்னொரு தரம் இருமியது. நின்றுவிட்டது. டாங்கியைத் திறந்து பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. இந்த நடைக்கானதுதான் முந்தின நாள் மலைப்பாதையில் சொட்டிச் சொட்டிப் போயிற்று. உதைத்தேன். உதைத்தேன். அதைக் கட்டிப்பிடித்து அழுதேன். வண்டியை ரோட்டோரத்தில் போட்டுவிட்டு ஓடினேன்.

அந்தப் புளியமரத்து வளைவில்தான் கட்டை வண்டி நின்றிருந்தது. மாடுகளை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். வண்டி ஓட்டி வந்த பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நீ வைக்கோலில் கிடந்தாய். தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். உன் துண்டு பெட்ரோல் வாசம் அடித்தது.

"தம்பி வழியெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுட்டு வந்தாருங்க" என்றார் அவர். "மோட்டார் சத்தம் கேக்குதுங்களா, கேக்குதுங்களான்னு. கடைசியா நானும் கேக்குதுன்னு சொல்லீட்டனுங்க." அதைச் சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

உனக்கு மகள் பிறந்திருந்தாள். நன்றாக, ஊரே கேட்கும்படி அழுதாளாம். நீ அதைக் கேட்கவில்லை.

அந்த வெள்ளைப் பூவைத்தான் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை. சிவப்பு வந்திருந்தால் உன் சாமியோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. உன் ஆட்களிடம் கத்தினேன். கோயில் வாசலில் நின்றும் கத்தினேன். நல்லம்மா ஒருத்திதான் கத்தவில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வெள்ளைதானுங்களே அண்ணா வந்துச்சு. நானும் பொழைச்சு வந்தனே, இவளும் வந்தாளே. அவரைப் பத்திச் சாமிகிட்ட நாங்க யாரும் கேக்கவே இல்லீங்களே" என்றாள்.

அதற்கப்புறம் உன் பெட்டியில் எத்தனையோ பேரைக் கொண்டுபோனேன். சிலர் பிழைத்தார்கள். சிலரைத் தூளியிலேயே திரும்ப ஏற்றினார்கள். சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள், பெட்ரோல் மட்டும் இன்னும் சீட்டுக்குத்தான். சீட்டுக்கு அலைந்து அலைந்து கால் தேய்ந்துவிட்டது. டயர் போய்விட்டது, பழைய டயர்த் துண்டு வைத்துக் கட்டி ஓட்டுகிறேன். ராத்திரி படுத்தால் கிணறு, தீனி, கடைசியில் இந்த வண்டி என்று நினைப்பு சுற்றிச் சுற்றி வருகிறது. போதும் என்றுதான் சேலத்துக்குச் சொல்லி அனுப்பினேன். சத்தியமாக விற்றுவிடத்தான் நினைத்தேன்.

சேலத்துக்காரர் நல்ல மனுஷன்தான். பள்ளத்துக்குக் கழித்தது போகவும் நியாயமாகத்தான் கேட்டார். நான் சரியென்று தலையாட்டிவிட்டேன். அப்போது அவர் சொன்னார். "சத்தம் கேக்காம வண்டி வாங்கக் கூடாதுங்க. சேந்தமங்கலம் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துடறனுங்க."

உன் வார்த்தை. அப்படியே உன் வார்த்தை.

"டாங்கியில ஒரு நடைக்குத்தானுங்க இருக்குது. மலையில இருந்து இன்னிக்கே யாராச்சும் தூளியில வந்துட்டா வேணுமுங்க" என்றேன்.

அவர் மேலே பார்த்தார். கொட்டகை விட்டத்தில் ஒரு டின் தொங்குகிறது. அன்று நாமக்கல்லுக்கு எடுத்துப்போன அதே டின். அதில் எப்போதும் ஒரு நடைக்குப் பெட்ரோல் இருக்கும். டாங்கி காய்ந்தாலும் அதை எடுக்கமாட்டேன். வீட்டில் விளக்குக்கு எண்ணெய் இல்லாத நாளிலும், கையில் காசில்லாத நாளிலும் அது குறைந்ததில்லை.

"அதுல இருக்குதுங்களே, அதை ஊத்துங்க" என்றார்.

"அது வேற ஒருத்தருக்குங்க."

"யாருக்குங்க?"

"பொறத்தால கட்டை வண்டியில வாராருங்க."

அவர் டாங்கி மூடியைத் திருகி மூடிவிட்டு, திரும்பி ரோட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.